பிரீமியம் கட்டிய எனக்குக் கையை விரித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் இலவசம்: இது என்ன நியாயம்?

கடிதம் எழுதியவருக்கு இந்த ஆகஸ்டில் 70 முடிகிறது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். முப்பது வருஷத்துக்கு மேல் ஓர் அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டை ஆலையில்) கணக்கு பார்த்துவிட்டு 2014-இல் ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் மாதம் 2,900 ரூபாய், ஏழு லட்சம் ரூபாய் டெபாசிட், இருபத்தைந்து சென்ட் ரப்பர். மகன் வளைகுடாவில், மகள் நாகர்கோவிலில்.

2017 ஜூலையில் தனக்கும் மனைவிக்கும் சேர்த்து 3 லட்சத்துக்கு ஒரு தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறார், 2022-இல் அதை 5 லட்சமாக உயர்த்தியிருக்கிறார். முதல் வருஷம் பதினேழாயிரத்துச் சொச்சம் இருந்த பிரீமியம் போன ஜூலையில் 54,000. ஒரு வருஷம்கூட விட்டதில்லை. போன ஆகஸ்டில் மனைவிக்கு நெஞ்சுவலி வந்து தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை) நடந்தது. கேஷ்லெஸ் (நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரே பணம் கட்டும் வசதி) கிடைக்கவில்லை, கையிலிருந்து 3,42,000 கட்டினார். பில்லை அனுப்பியதற்கு நவம்பரில் பதில் வந்தது: டிஸ்சார்ஜ் சம்மரியில் (வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி தரும் குறிப்பில்) '12 வருடமாக நீரிழிவு' என்று இருக்கிறது, 2017-இல் நீங்கள் சொல்லவில்லை, ஆகவே க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

அதே மாதம் பக்கத்து வீட்டில் ரப்பர் பால்வெட்டுகிற ஒருவருக்கு இதே ஆஞ்சியோபிளாஸ்டி. ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில், ஒரு ரூபாய் செலவில்லாமல். "ஒழுங்காகப் பணம் கட்டினவன் முட்டாள், ஒன்றும் கட்டாதவனுக்கு ராஜ மரியாதை. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கணக்கைச் சரியாக வைத்தேன், என் கணக்கு மட்டும் பொய்த்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லி அந்த '12 வருடம்' என்பதை மாற்றி வாங்கலாமா? பாலிசியை நிறுத்திவிட்டுப் பணத்தை பேங்கில் போடச் சொல்கிறான் மகன், செய்யலாமா? 4,000 ரூபாய் கொடுத்தால் 72,000 என்று வருமானச் சான்று எடுத்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார், அதை வைத்து நானும் அட்டை வாங்கலாமா? கடைசியில், அண்டி தல்லியே (முந்திரிக்கொட்டை உடைத்தே) வாழ்ந்த தன் அக்காவைப் பற்றி ஒரு வரி.

ஐயா, உங்கள் கடிதத்தில் கேள்விகளைவிட வருத்தம்தான் அதிகம். அது நியாயமானதும்கூட. ஆனால் வருத்தத்தில் நீங்கள் யோசிக்கிற வழிகளில் இரண்டு உங்களை நல்ல நிலையிலிருந்து மோசமான நிலைக்குக் கொண்டுபோய் விடும், அதனால் அவற்றில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொடாதீர்கள்

அந்த வரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நெஞ்சுவலியோடு கொண்டுபோன இரவில் டியூட்டி டாக்டர் பேனாவோடு நிற்பார், "சுகர் எவ்வளவு நாளா இருக்கு?" என்பார், மனைவியைப் பற்றிய பதற்றத்தில் நீங்கள் "பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும் டாக்டர்" என்பீர்கள். அவர் 12 என்று எழுதிக்கொள்வார். பாதி க்ளெய்ம் தகராறுகள் இந்த ஒரு நிமிடப் பேச்சில்தான் பிறக்கின்றன. உண்மையிலேயே தப்பாக எழுதப்பட்டிருந்தால், பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைக் காட்டித் திருத்தம் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் அது தப்பு இல்லையே. 2013-இலேயே மனைவிக்கு சுகர் மாத்திரை தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது நீங்கள் ஒரு திருத்திய சம்மரியோடு போனால், காப்பீட்டு நிறுவனம் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டை நேரே வரவழைத்துப் பார்க்கும், இரண்டும் ஒத்துப் போகாது. இன்றைக்கு உங்கள் மேல் இருப்பது 'சொல்லாமல் விட்டார்' என்ற புகார் மட்டும்தான். அது நாளைக்கு 'மோசடி செய்தார்' என்று ஆகிவிடும். சட்டம் இந்த இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது, உங்கள் வழக்கு நிற்பதே அந்த வித்தியாசத்தின் மேல்தான். எப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் கையில் இருக்கிற துருப்பு

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளில் மொரட்டோரியம் என்று ஒன்று உண்டு. ஒரு மருத்துவக் காப்பீட்டைத் தொடர்ந்து இத்தனை வருஷம் இடைவெளி விடாமல் புதுப்பித்து வந்துவிட்டால், 'முதலில் இதைச் சொல்லவில்லை, அதைச் சொல்லவில்லை' என்று காட்டி நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும்தான் விலக்கு. முன்பு இந்தக் காலம் எட்டு வருஷம், 2024 ஏப்ரல் 1 முதல் ஐந்து வருஷம், அதாவது 60 மாதம்.

உங்கள் தேதிகளை இதில் பொருத்திப் பாருங்கள். தொடக்கம் 2017 ஜூலை. ஆஞ்சியோபிளாஸ்டி 2025 ஆகஸ்ட். புதிய கணக்கில் ஐந்து வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது, பழைய எட்டு வருஷக் கணக்குப்படி பார்த்தாலும் போன ஜூலையோடு முடிந்துவிட்டது. ஒரு மாதத்தில் தப்பித்திருக்கிறீர்கள். கணக்குப்பிள்ளையாக இருந்தவருக்கு இந்தத் தேதியின் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் மொரட்டோரியம் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதை கவனித்தீர்களா? அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். தொகையை உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் மொரட்டோரியம் உயர்த்திய நாளிலிருந்துதான் எண்ணப்படும். 2022-இல் கூட்டிய 2 லட்சத்துக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆகவில்லை. எனவே பழைய 3 லட்சம் வரை உங்கள் கால் பாறையில் நிற்கிறது, அதற்கு மேலுள்ள 42,000 மணலில் நிற்கிறது. அதையும் கேளுங்கள், கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அதற்காக மூன்று லட்சத்தை இழுபறியில் விட வேண்டாம்.

உங்கள் மருமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2021 டிசம்பரில் வந்தது. நல்ல தீர்ப்புதான், சந்தேகமில்லை. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுத்தவருக்கு அங்கே மாரடைப்பு வந்து, நிறுவனம் மறுத்து, கடைசியில் அவர் ஜெயித்தார். ஆனால் அந்த மனிதர் தனக்கு சுகர் இருப்பதை விண்ணப்பத்திலேயே சொல்லியிருந்தார் ஐயா. நீங்கள் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பை முன்னால் வைத்தால் எதிர்த்தரப்பு இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு மொரட்டோரியம் போதும். ஃபார்வர்டு செய்திகளை வைத்து வழக்கு நடத்த ஆரம்பித்தால் வக்கீல்களான எங்கள் தொழில் என்ன ஆவது!

அவர்கள் அடுத்து 'மோசடி' என்று திரும்பலாம். அதற்குத்தான் 2017 ப்ரொபோசல் படிவத்தின் (பாலிசி கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தின்) நகலை இன்றே எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரே நிரப்பினார், 'வயசானவங்களுக்கு சுகர், பிரஷர் சகஜம், அதெல்லாம் எழுத வேண்டாம் சார்' என்று சொன்னார், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டீர்கள் என்கிறீர்கள். அது நடந்தபடியே இருக்கட்டும், ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். படிவத்தில் யார் கையெழுத்தில் விடைகள் இருக்கின்றன, சுகர் பற்றிக் குறிப்பாகக் கேள்வி இருக்கிறதா, அதற்கு 'இல்லை' என்று எழுதியிருக்கிறதா அல்லது காலியாக விட்டிருக்கிறதா, இவையெல்லாம் முக்கியம். ஏஜென்ட் சொன்னார் என்பது உங்களை முழுக்கக் காப்பாற்றாது, கையெழுத்து உங்களுடையது. ஆனால் ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் அவர்கள் தலையில் இருக்கும்போது இந்த விவரங்கள் உங்கள் பக்கம் பேசும்.

எங்கே போவது

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம். நீளமாக வேண்டாம், ஒரு பக்கம். பாலிசி எண், தொடக்கத் தேதி, இடைவெளியில்லாத புதுப்பித்தல், 60 மாதம் தாண்டியது, ஆகவே வெளிப்படுத்தாமை என்ற காரணம் செல்லாது. அதோடு ஒரு கேள்வி: 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி எந்த க்ளெய்மையும் நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு போன்ற ஒரு குழு ஒப்புக்கொள்ளாமல் நிராகரிக்கக் கூடாது, என்னுடையதை எந்தக் குழு என்று ஒப்புக்கொண்டது? இந்தக் கேள்விக்கே சில கோப்புகள் திறந்து கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணுக்கு அழைத்தும் பதியலாம்.

முப்பது நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் அதே பல்லவி என்றால், இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுத் தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். சென்னைக்கு யார் அலைவது என்று நினைக்காதீர்கள், தபாலிலும் ஆன்லைனிலும் புகார் கொடுக்கலாம், விசாரணையை வீடியோவிலும் நடத்துகிறார்கள். 50 லட்சம் வரையிலான தகராறுகளைப் பார்க்கிறார்கள். கட்டணம் கிடையாது. வக்கீலும் கிடையாது, வைத்துக்கொள்ள அனுமதியே இல்லை, ஆகவே இதைச் சொல்வதில் எனக்கு ஒரு பைசா லாபமும் இல்லை என்பதை கவனிக்கவும். நிறுவனத்தின் மறுப்பு வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

இன்னொரு வழி, நாகர்கோவிலில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷ அவகாசம் உண்டு, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், மன உளைச்சலுக்கும் கேட்கலாம். ஆனால் நேரம் பிடிக்கும், வாய்தா வாய்தா என்று போகும். முக்கியமான ஒன்று: நுகர்வோர் ஆணையத்தில் போட்டுவிட்டு அதே விஷயத்துக்கு ஓம்பட்ஸ்மேனிடம் போக முடியாது. ஓம்பட்ஸ்மேனிடம் தோற்றால் அங்கிருந்து ஆணையத்துக்கு வரலாம். அதனால் வரிசை முக்கியம். உங்கள் வழக்கு தேதிகளை வைத்துத் தீர்க்கக்கூடியது, பெரிய சாட்சி விசாரணை தேவையில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓம்பட்ஸ்மேனிடம்தான் போவேன்.

ஜெயித்தாலும் முழுத் தொகை வராது என்பதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை 5,000 வரைதான். நீங்கள் எடுத்தது 7,500 ரூபாய் அறை. வாடகை வித்தியாசத்தை மட்டும் பிடிப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறோம், அப்படியில்லை. டாக்டர் ஃபீஸ், நர்சிங், தியேட்டர் கட்டணம் என்று அறையோடு சேர்ந்து ஏறுகிற செலவுகளிலும் அதே விகிதத்தில், அதாவது மூன்றில் ஒரு பங்கு, கழிப்பார்கள். ஆனால் ஸ்டென்ட் (ரத்தக்குழாய் மறுபடி அடைக்காமலிருக்க உள்ளே வைக்கும் சின்னக் குழல்), மருந்து, பரிசோதனை இவற்றில் அந்த விகிதக் கழிவு கூடாது. கழித்திருந்தால் சண்டை போடுங்கள். ஸ்டென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது: கோப்பில் எங்காவது ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கம்பெனி பெயர், சீரியல் எண்ணோடு. 2017 பிப்ரவரியிலிருந்து ஸ்டென்டுக்கு அரசு உச்ச விலை வைத்திருக்கிறது. அந்த ஸ்டிக்கரையும் பில்லில் போட்ட விலையையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாலிசியை நிறுத்தலாமா?

மகன் சொல்கிற கணக்கு காகிதத்தில் சரிதான். வருஷம் 54,000, பத்து வருஷத்தில் 5,40,000, வட்டியோடு இன்னும் கூட. ஆனால் நோய் பத்தாம் வருஷக் கடைசியில்தான் வரும் என்று யார் சொன்னது? ஸ்டென்ட் வைத்த ஒரு வீட்டில் இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க வேண்டி வருவது அபூர்வமில்லை. இன்று நீங்கள் விட்டால் எட்டு வருஷமாகச் சேர்த்த மொரட்டோரியமும் சேர்ந்து போய்விடும். புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் சட்டப்படி உண்டு, புதுப்பிக்கும் நாளுக்கு 45 நாளாவது முன்னால் விண்ணப்பிக்க வேண்டும், சேர்த்த காலமும் கூடவே வரும். ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்த 60 வயது தாண்டிய ஒருவரை வேறு நிறுவனம் ஏற்றே ஆக வேண்டும் என்று விதியில்லை. இப்போதுள்ள நிறுவனமோ, க்ளெய்ம் வந்துவிட்டது என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. கோபம் இருக்கட்டும், பாலிசியும் இருக்கட்டும்.

பிரீமியத்தில் இரண்டு விஷயம் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம் இருந்தது. ஜூலையில் வரும் நோட்டீஸில் அந்த வரி இருக்கக் கூடாது. இன்னொன்று, மூத்த குடிமக்களுக்கு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்ற வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. அதற்கு மேல் ஏறியிருந்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

அந்தப் புரோக்கரும் அந்த 72,000-மும்

ஐயா, அவருக்கே விஷயம் தெரியவில்லை. 72,000 என்பது பழைய வரம்பு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு இப்போது குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 வரை இருக்கலாம். உங்கள் கடிதத்திலேயே உள்ள எண்களைக் கூட்டிப் பார்த்தேன். பென்ஷன் வருஷத்துக்கு 34,800. டெபாசிட் வட்டி 48,000 போல. ரப்பரில் வெட்டுக்கூலி, உரம், மழைக்காலம் போக 20,000 மிஞ்சுகிறது என்கிறீர்கள். ஆக 1,02,800. பொய்ச் சான்று வாங்க நினைக்கிற உங்களுக்கு மெய்ச் சான்றிலேயே தகுதி இருக்கலாம்! மாடி வீடு இருக்கிறது, மகன் வளைகுடாவில் இருக்கிறான், நமக்கெல்லாம் அது கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். மகனுக்குத் தனி ரேஷன் கார்டு, தனிக் குடும்பம். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்பது உங்கள் ரேஷன் கார்டில் இருப்பவர்கள்.

மகன் அவ்வப்போது அனுப்புகிற பணத்தையும் வி.ஏ.ஓ.விடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் விசாரித்து வரம்புக்குள் வருகிறது என்று சான்று கொடுத்தால், ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். வராது என்றால் விட்டுவிடுங்கள். 4,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பொய்ச் சான்று என்பது கிரிமினல் குற்றம், இந்த வயதில் அது தேவையா?

எப்படியானாலும் ஆகஸ்டில் உங்களுக்கு 70. எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் எதுவும் பார்க்காமல் 5 லட்சம் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைத் தொடங்கியது. ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு, தனியார் காப்பீடு வைத்திருப்பது தடையில்லை. அதையும் அதே மையத்தில் கேட்டுப் பதியுங்கள். மனைவிக்கு இன்னும் 70 ஆகாததால் அந்த அட்டை உங்களுக்கு மட்டும்தான், இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்புறம், திருவனந்தபுரத்துக்குப் போகிற பழக்கம் நம் மேற்குப் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போவதற்கு முன்னால், போகிற ஆஸ்பத்திரியில் இந்த அட்டை இந்த சிகிச்சைக்குச் செல்லுமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது

'ராஜ மரியாதை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியது இது: அவருக்குத் தேதி கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று, அவர் மனைவி வார்டுக்கு வெளியே பாய் விரித்துப் படுத்தார், இரண்டு மாதம் வெட்டுக்குப் போகாததால் வீட்டில் வருமானமே இல்லை, நீங்கள்தான் ஒரு சாக்கு அரிசி வாங்கிக் கொடுத்தீர்கள். உங்கள் மனைவிக்கு அன்றைக்கு இரவே செய்தார்கள், தனி அறை, நீங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் சோபாவில் படுத்தீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தக்குழாய் அடைப்புதான். அவர் கட்டாதது பணம் மட்டும்தான் ஐயா. நீங்கள் ஏமாந்தது அவரிடம் இல்லை.

அவர் 'ஒன்றும் கட்டாதவர்' என்பதும் சரியில்லை. அவர் வாங்குகிற சோப்பிலும் பிஸ்கட்டிலும் வரி இருக்கிறது, அந்த வரியிலிருந்துதான் அந்த அட்டைக்குப் பிரீமியம் போகிறது. வருமான வரி கட்டுகிற வீடுகளுக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் மூத்த குடிமகனுக்கு 50,000 வரை பழைய முறையில் கழிவு உண்டு, அதுவும் அரசாங்கம் விட்டுக்கொடுக்கிற பணம்தான். ஒன்றை இலவசம் என்கிறோம், இன்னொன்றைச் சலுகை என்கிறோம்.

நீங்கள் பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கிற காணிப் பழங்குடிக் குடியிருப்புகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், 'அவர்களிடமும் அட்டை இருக்கிறதே, அப்புறம் ஏன் கஷ்டம்' என்று. அட்டை இருக்கிறது. ஆனால் நெஞ்சுவலி இரவில் வந்தால் அட்டை நடந்து போகாது. அங்கிருந்து கீழே இறங்கி, 108 வந்து, ஆசாரிபள்ளம் போய்ச் சேரும் நேரத்துக்குள் இதயத் தசை காத்திருக்குமா? ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிற 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் தொடங்கியது இதனால்தான். 1838-இலேயே நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி வந்த மாவட்டம் இது, தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் திருவிதாங்கூரிலும் ஆஸ்பத்திரிக்குக் குறை இருந்ததில்லை என்று பெருமை பேசுவோம். அந்தப் பெருமை எல்லாம் பெரும்பாலும் மெயின் ரோட்டுப் பக்கத்துப் பெருமை.

ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உயிர் போகிற அவசரத்தில் வந்தவரைக் கவனிப்பது அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்த ஒரு கூலித் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன் பின் ஒன்றாக இடமில்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், அது வாழும் உரிமையை மீறுவது என்று 1996-இல் தீர்ப்பளித்து நஷ்டஈடும் கொடுக்க வைத்தது. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. 'முதலில் ஐம்பதாயிரம் கட்டுங்கள்' என்று ஒரு காஷுவாலிட்டியில் சொன்னால், சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

அக்காவுக்கு

உங்கள் அக்கா இருபத்திரண்டு வருஷம் அண்டி தல்லி, தோல் கருகிய விரல்களோடு ஓய்வு பெற்றார், 'வேலை விட்டதும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) முடிந்துவிட்டது, இப்போது வெளியில் காசு கொடுத்துப் பார்க்கிறாள்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். முடியவில்லை. குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயது வந்து விலகியவருக்கு, வருஷத்துக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டினால் அவருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். மாதம் பத்து ரூபாய். நீங்கள் கணக்கு பார்த்த உங்கள் சொந்த ஆபீஸிலேயே ஓய்வு பெற்ற பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். தானாகவே ஓய்வு வயதில்தான் போனார், நடுவில் நிற்கவில்லை என்று காட்ட பழைய முதலாளியிடமிருந்து ஒரு சான்று தேவைப்படும். அதை எழுத வைக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்?

நீங்கள் செய்ய வேண்டிய கடிதங்கள் இந்த வாரத்தில் இரண்டு, குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒன்று, ப்ரொபோசல் நகல் கேட்டு ஒன்று. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை பத்திரப்படுத்துங்கள். நகல் வந்ததும் அந்த சுகர் கேள்விக்கு எதிரே என்ன இருக்கிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். அக்காவின் பழைய இ.எஸ்.ஐ. அட்டையைத் தேடச் சொல்லுங்கள், எண் மட்டும் தெரிந்தால்கூடப் போதும்.